வாசலில் தொங்கிய பால் பை: மோசடிக்காரர்களிடமிருந்து முதியவர்களைக் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் ஒரு மாமி தனியாக இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது எழுபத்து நான்கு. மகன் அமெரிக்காவில். ஒருநாள் காலை பத்து மணிக்கு, அந்த வீட்டில் வேலை செய்யும் பெண் எங்கள் கதவைத் தட்டினார்.

"அக்கா, மாமி கதவைத் தொறக்க மாட்டேங்கிறாங்க. இன்னைக்கு வேலை வேணாம், போன்னு உள்ள இருந்தே சொல்றாங்க. பால் பாக்கெட்டு இன்னும் பையிலயே தொங்குது."

ஆறரை மணிக்கெல்லாம் காபி குடித்துவிடுகிற மாமி பத்து மணிவரை பாலை எடுக்கவில்லை என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேலே ஓடினோம். மணியடித்து, கெஞ்சி, கடைசியில் சங்கிலி மாட்டியபடியே கதவு நாலு விரல் திறந்தது. மாமி கையில் போன். திரையில் காக்கிச் சட்டைக்காரன் ஒருவன், அவனுக்குப் பின்னால் சுவரில் ஏதோ ஒரு முத்திரை.

"மாமி, போனை வெச்சுடுங்கோ" என்றேன்.

"வெச்சா வந்து அரெஸ்ட் பண்ணிடுவாளாம். யார்கிட்டயும் பேசப்படாதுன்னு சொல்லியிருக்கா." குரலே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

வேலை செய்யும் பெண் அந்த இடுக்கில் கையை விட்டுப் போனைப் பிடுங்கி அணைத்தார். முந்தின நாள் இரவு எட்டு மணியிலிருந்து அந்த அழைப்பு துண்டிக்கப்படவே இல்லை. பதினான்கு மணி நேரம் மாமி தூங்கவில்லை, ஒரு வாய் காபி குடிக்கவில்லை. பணத்தில் ஒரு பகுதி அதற்குள் போயிருந்தது.

பணத்தில் கை வைப்பதற்கு முன் இவர்கள் ஆளைத்தான் மற்றவர்களிடமிருந்து பிரிக்கிறார்கள் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். அதனால் இந்த வழிகாட்டியைப் பக்கத்து வீட்டிலிருந்து தொடங்குகிறேன். போன், ஆப், பாஸ்வேர்டு எல்லாம் பிறகு.

முதல் படி: இரண்டாவது ஆளை இன்றைக்கே முடிவு செய்யுங்கள்

பிள்ளைகள் எவ்வளவு பாசமானவர்களாக இருந்தாலும், நியூஜெர்சியிலோ டொராண்டோவிலோ இருந்தால் இந்த வேலைக்கு அவர்கள் சரிப்பட்டு வர மாட்டார்கள். இங்கே காலை பதினொரு மணி என்றால் அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். ஆபத்து வரும் நேரத்தில் எழுப்பத் தயங்குவீர்கள். கூப்பிட்டவுடன் கால்மணி நேரத்தில் உங்கள் வாசலுக்கு வரக்கூடிய ஒருவர் வேண்டும். பக்கத்து ஃபிளாட்காரர், தம்பி மகள், நாகேஸ்வரராவ் பூங்காவில் கூட நடக்கும் நண்பர், யாராகவும் இருக்கலாம். அவரிடம் நேரில் போய்க் கேளுங்கள்: "பணம், போலீஸ், பேங்க் என்று எது வந்தாலும் முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். எந்த நேரமானாலும் எடுப்பாயா?" இப்படிக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கேட்கப்பட்டவருக்கும் அது ஒரு மரியாதைதான்.

பிறகு உங்களுக்கு நீங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் எந்தப் புதிய இடத்துக்கும் அன்றைக்கே பணம் அனுப்புவதில்லை, ஓர் இரவு கழித்துத்தான். நேர்மையான எந்த வேலையும் ஓர் இரவில் கெட்டுப்போகாது.

பேரன் பேத்திகளோடு சேர்ந்து ஒரு குடும்பச் சொல் வைத்துக்கொள்வதும் இப்போது அவசியமாகிவிட்டது. இணையத்தில் கிடக்கும் சில விநாடிக் குரலை வைத்தே அதே குரலில் பேச வைக்கும் கருவிகள் வந்துவிட்டன. "தாத்தா, ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, அப்பாகிட்ட சொல்லாதீங்க, உடனே பணம் அனுப்புங்க" என்று அழுகிற குரல் உங்கள் பேரனுடையதைப் போலவே இருக்கலாம். பழைய வீட்டுத் தெருவின் பெயர், கொள்ளுப்பாட்டியின் செல்லப் பெயர் என்று ஃபேஸ்புக்கில் எங்கும் இல்லாத ஒரு சொல் போதும். கேளுங்கள்; சொல்லத் தெரியாவிட்டால் போனை வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

வீட்டு வேலைக்கு வருபவர், காவலாளி, இஸ்திரிக்காரர் ஆகியோரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். உங்கள் வழக்கம் மாறினால் முதலில் கண்டுபிடிப்பவர்கள் இவர்கள்தான்.

இரண்டாம் படி: "டிஜிட்டல் அரெஸ்ட்" எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலும் ஒரு சின்ன அழைப்பில் தொடங்கும். "தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிலிருந்து பேசுகிறோம், உங்கள் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும்" என்பார்கள். அல்லது "உங்கள் பெயரில் போன கூரியர் பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டிருக்கிறது" என்பார்கள். நீங்கள் பதறி மறுத்ததும், "அப்படியானால் உங்கள் ஆதாரை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள், மும்பை போலீஸில் புகார் கொடுங்கள், நானே இணைக்கிறேன்" என்று பரிவோடு சொல்வார்கள். இந்தப் பரிவுதான் கண்ணி. அடுத்தது வாட்ஸ்அப் வீடியோ. சீருடை, அடையாள அட்டை, கொடி வைத்த மேசை, முத்திரை குத்திய கைது உத்தரவு. உங்கள் கணக்கில் கறுப்புப் பணம் வந்திருக்கிறது என்ற குற்றச்சாட்டு. கேமராவை விட்டு நகரக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் அவர்களும் உள்ளே போக நேரிடும் என்ற மிரட்டல். கடைசியில், "நீங்கள் நல்லவர் மாதிரி இருக்கிறீர்கள். உங்கள் பணத்தை ரிசர்வ் வங்கியின் சோதனைக் கணக்குக்கு மாற்றுங்கள், சரிபார்த்துத் திருப்பித் தருகிறோம்" என்ற ஆறுதல். வங்கியில் யாராவது கேட்டால் வீடு வாங்குவதாகச் சொல்லும்படியும் பாடம் நடத்துவார்கள்.

படித்தவர்கள் ஏமாறுவார்களா என்று கேட்பவர்களுக்கு: 2024-இல் வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், எண்பதைத் தாண்டிய தொழிலதிபர், இதே முறையில் 7 கோடி ரூபாயை இழந்தார். அவருக்காகப் போலியாக ஒரு உச்ச நீதிமன்ற விசாரணையையே வீடியோவில் நடத்திக் காட்டினார்கள். அம்பாலாவைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதி, போலி நீதிமன்ற உத்தரவுகளைக் காட்டி மிரட்டப்பட்டு ஒரு கோடிக்கு மேல் இழந்து, உச்ச நீதிமன்றத்துக்கே எழுதினார்கள். 2025 அக்டோபரில் நீதிமன்றம் அதைத் தாமாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. டிசம்பரில் நாடு முழுவதுமுள்ள இத்தகைய வழக்குகளை விசாரிக்க சி.பி.ஐ.க்கு உத்தரவிட்டது. பிரதமரும் 2024 அக்டோபர் வானொலி உரையில் சொன்னார்: சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்பது தெரிந்தால் பயம் பாதியாகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா முதியவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. மூன்று ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றங்களில், அறுபது வயதைத் தாண்டியவரைக் கைது செய்ய டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் (பிரிவு 35). சாட்சி விசாரணைக்கு அறுபதைத் தாண்டிய ஆணையோ, எந்த வயதுப் பெண்ணையோ அவர்கள் வசிக்கும் இடத்தை விட்டு வேறிடத்துக்கு வரச்சொல்லி வற்புறுத்த முடியாது. போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும் (பிரிவு 179). ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அடுத்த முறை அப்படி அழைப்பு வந்தால் சொல்ல வேண்டிய பதில்: "ஸ்டேஷன் பெயரைச் சொல்லுங்கள், நான் வக்கீலோடு நேரில் வருகிறேன்." சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். வாதாட வேண்டாம். எதிரில் இருப்பவனுக்கு வாதாடுவதுதான் தொழில். நாற்பது வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள் அதிகாரியின் பேச்சைப் பாதியில் வெட்டக் கூச்சப்படுவார்கள். அந்த நல்ல பழக்கத்தின் மேல்தான் இவர்கள் ஏறி உட்காருகிறார்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் மரியாதையைத் தள்ளி வையுங்கள்.

மூன்றாம் படி: போனையும் கணக்கையும் ஒருமுறை ஒழுங்கு செய்யுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போதும். இரண்டாவது ஆளையோ காலேஜ் படிக்கும் பேத்தியையோ பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

முதலில் கணக்கைப் பிரியுங்கள். பென்ஷன் வரும் கணக்கும் டெபாசிட்டுகளும் ஒரு வங்கியில் இருக்கட்டும், அதில் யு.பி.ஐ. வேண்டாம். மளிகைக்கும் மருந்துக்கும் ஆட்டோவுக்கும் இன்னொரு வங்கியில் ஒரு சின்னக் கணக்கு. மாதம் இருபதாயிரம் மட்டும் அதில் மாற்றுங்கள். கூகுள் பே, போன்பே இதில்தான் இணைய வேண்டும். திருடன் உள்ளே வந்தாலும் கிடைப்பது அந்த இருபதாயிரம்தான். அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள், தினசரி வரம்பைக் குறையுங்கள். டெபாசிட்டை ஆன்லைனில் உடைக்கும் வசதியை நிறுத்தி வைக்க முடியுமா என்று கிளையில் கேளுங்கள். எழுபது வயது தாண்டியவர்களுக்கு வங்கிச் சேவையை வீட்டுக்கே கொண்டுவரும்படி ரிசர்வ் வங்கி 2017-இலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதையும் கேட்டு வாங்குங்கள்.

யு.பி.ஐ.யில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். பணம் வாங்க "பின்" எண் தேவையே இல்லை. பழைய சோபாவை விற்க விளம்பரம் கொடுத்தீர்கள், வாங்குபவன் கியூ.ஆர். அனுப்பி, "ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்க, பணம் வந்துடும்" என்கிறானா? போட்டால் போவது உங்கள் பணம்.

வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் வைக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. ஏ.பி.கே. என்று முடியும் எந்தக் கோப்பையும் தொடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம், வங்கிப் பரிசுப் புள்ளி என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி, அது உங்கள் குறுஞ்செய்திகளை அடுத்தவன் படிப்பதற்கான சாவி. "உதவி செய்கிறேன்" என்று திரையைப் பகிரச் சொல்லும் ஆப்களும் அப்படியே. ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குக் கூகுளில் தேடி முதலில் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்ணை நம்ப வேண்டாம். பில்லில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள்.

வங்கி, காப்பீட்டு நிறுவனங்களின் அழைப்புகளுக்கென்று 1600-இல் தொடங்கும் எண் வரிசையை அரசு ஒதுக்கியிருக்கிறது. சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வரும் "பேங்க் மேனேஜர்" மேனேஜர் அல்ல என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிகளின் இணைய முகவரிகளும் இப்போது "பேங்க் டாட் இன்" என்று முடிகின்றன.

நான்காம் படி: சின்னத் தூண்டில்களை அடையாளம் காணுங்கள்

"போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30-க்குக் கரண்ட் கட், இந்த அதிகாரியைக் கூப்பிடவும்" என்ற குறுஞ்செய்தி பார்த்திருப்பீர்கள். மின்வாரியம் இப்படித் தனி மொபைல் எண் கொடுத்துக் கூப்பிடச் சொல்வதில்லை. சந்தேகம் வந்தால் மின்வாரியத்தின் உதவி மையமான மின்னகத்தின் 94987 94987-ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நவம்பர் வந்தால் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு உயிர்ச்சான்று நேரம். "சான்று ஏறவில்லை, பென்ஷன் நிற்கப் போகிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று கூப்பிடுவார்கள். பிறந்த தேதி, பி.பி.ஓ. எண் எல்லாம் அவர்களே சரியாகச் சொல்லலாம். அதைக் கேட்டு மயங்க வேண்டாம். போனில் யாரும் உயிர்ச்சான்று வாங்குவதில்லை. வங்கிக்குப் போகலாம், தபால்காரர் வீட்டுக்கு வந்தும் எடுத்துக் கொடுப்பார்.

ஐந்தாம் படி: தெருவிலும் ஏ.டி.எம்.மிலும்

இது பழைய வித்தை, ஆனால் இன்னும் நடக்கிறது. மாட வீதியிலோ, பனகல் பூங்கா பக்கத்திலோ, அடையாறு காந்தி நகரின் மரநிழல் தெருவிலோ காலையில் தனியாக நடந்து போகும் பாட்டியை மஃப்டி போலீஸ் என்று இருவர் நிறுத்துவார்கள். "முன்னாடி ஒரு கொலை நடந்திருக்கும்மா, இப்படியா நகையைப் போட்டுக்கிட்டுப் போவீங்க? கழட்டிப் பேப்பர்ல மடிச்சுப் பையில வைங்க." அவர்களே மடித்தும் தருவார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் கூழாங்கல். எந்தப் போலீஸும் நடுத்தெருவில் நகையைக் கழற்றச் சொல்ல மாட்டார். "ஸ்டேஷன்ல வந்து கழட்டறேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிடுங்கள். நகைக்குப் பாலீஷ் போடுகிறேன் என்று வாசலுக்கு வருபவர்களுக்கும் கதவைத் திறக்க வேண்டாம்.

ஏ.டி.எம்.மில் உதவ வருபவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அட்டையை அவர் கையில் கொடுக்க வேண்டாம். திரும்பி வருவது அதே நிறத்தில் வேறொருவர் அட்டையாக இருக்கலாம். பணம் எடுத்ததும் அட்டையில் உங்கள் பெயரைப் படித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

ஆறாம் படி: டெபாசிட் போடுமுன் மூன்று கேள்விகள்

இதுவரை சொன்னது அந்நியர்களைப் பற்றி. நம் பேட்டையில் பெரிய பணம் போனது தெரிந்த இடத்தில்தான். அங்கே இரண்டாவது ஆளும் உதவவில்லை, ஏனென்றால் அவரும் அதே இடத்தில்தான் பணம் போட்டிருந்தார்.

மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872-இல் தொடங்கியது. நூற்றைம்பது வருஷப் பெயர். அப்பா போட்டார், மாமனார் போட்டார் என்று தலைமுறை தலைமுறையாக ரிடையர்மென்ட் பணத்தைக் கொண்டுபோய்ப் போட்ட குடும்பங்கள் இங்கே எத்தனையோ. முதிர்வுத் தொகையும் வட்டியும் வரவில்லை, கொடுத்த காசோலைகள் திரும்பின என்று முதலீட்டாளர்கள் புகார் கொடுத்தார்கள். அதன்பேரில் 2024 ஆகஸ்டில், நிறுவனத்தை நடத்திவந்த தேவநாதன் யாதவைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கைது செய்தது. நிலுவை 525 கோடி ரூபாய் வரை என்று அப்போது சொல்லப்பட்டது. குற்றம் நிரூபணமா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். டெபாசிட் ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, புகார் கொடுக்க வெயிலில் நின்ற எழுபது, எண்பது வயதுக்காரர்களுக்கு அந்தக் காத்திருப்பே தண்டனை.

இந்த ஊருக்கு இந்த வலி புதிதும் இல்லை. 1906 அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியபோது மெட்ராஸில் அரசு ஊழியர்கள், விதவைகள் என்று ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு போயிற்று. வெள்ளைக்காரக் கம்பெனி, கவர்னர் வரைக்கும் மதிப்பு, அது விழுமா என்றுதான் அவர்களும் நினைத்திருந்தார்கள். அந்த அதிர்ச்சியில்தான் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயன்று, 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது.

ஆகவே, "எத்தனை வருஷப் பழசு?" என்று கேட்பது போதாது. கேட்க வேண்டியவை வேறு.

இதை மேற்பார்வை செய்வது யார்? வங்கி என்றால் ரிசர்வ் வங்கி. நிதி நிறுவனம், அதாவது பெயரில் "நிதி" என்று இருக்கும் கம்பெனி, கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வருவது. உறுப்பினர்களிடம் மட்டுமே டெபாசிட் வாங்கலாம். சிறிதளவு பங்கைக் கொடுத்து உங்களை உறுப்பினர் ஆக்குவது அதற்காகத்தான்.

மூழ்கினால் யார் தருவார்கள்? வங்கியில் ஒருவருக்கு ஒரு வங்கிக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு; 2020 பிப்ரவரி முதல் இந்த அளவு. நிதி கம்பெனிகளுக்கும், ஏலச்சீட்டுக்கும், தெரிந்தவர் நடத்தும் "ஸ்கீம்" எதற்கும் அந்தக் காப்பீடு கிடையாது. இந்த ஒரு வரியை ரசீதை வாங்குமுன் யாரும் நமக்குச் சொல்வதில்லை.

வட்டி ஏன் இவ்வளவு? அரசின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதம் ஆயிற்று, உச்சவரம்பு 30 லட்சம். அதை அளவுகோலாக வையுங்கள். நிதி கம்பெனிகளும் 12.5 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது விதி. அமைந்தகரையில் இயங்கிய ஆருத்ரா கோல்டு, லட்ச ரூபாய்க்கு மாதம் முப்பதாயிரம் என்றது. நாலு மாதத்தில் முதலையே திருப்பித் தருகிற வியாபாரம் உலகத்தில் எங்கும் இல்லை. முதலில் வந்தவருக்குக் கொடுத்தது பின்னால் வந்தவரின் பணம். ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் திரட்டியது 2,438 கோடி ரூபாய்.

வாட்ஸ்அப் குழுவில் பங்குச்சந்தை "டிப்ஸ்" கொடுத்து, ஒரு ஆப்பில் உங்கள் பணம் நாளுக்கு நாள் வளர்வதாகக் காட்டுவது இதன் புதிய வடிவம். திரையில் ஐம்பது லட்சம் தெரியும். எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டுங்கள்" என்பார்கள். குழுவில் "எனக்கு லாபம் வந்தது" என்று கைகூப்பும் அத்தனை பேரும் அவர்களின் ஆட்கள். பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவுபெற்ற தரகர்களுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் 2025 அக்டோபர் முதல் "வேலிட்" என்ற சொல் சேர்ந்த தனி யு.பி.ஐ. முகவரி உண்டு. தனிநபர் பெயரிலோ ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயரிலோ உள்ள கணக்குக்கு முதலீட்டுப் பணத்தை அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

தமிழ்நாட்டில் டெபாசிட் மோசடிக்கென்றே 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, டான்பிட் என்பார்கள். அதன் கீழ் புகாரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் கொடுக்க வேண்டும். வட்டி ஒரு மாதம் தவறினாலே எழுத்தில் கேளுங்கள். "பெரிய மனுஷா, எப்படிக் கேட்கறது" என்று காத்திருந்த மாதங்களில்தான் சொத்துகள் கைமாறிவிடுகின்றன.

ஏழாம் படி: பணம் போய்விட்டால், முதல் ஒரு மணி நேரம்

அழ நேரம் இருக்கிறது, பிறகு அழலாம். முதலில் 1930.

மாமியின் போனை அணைத்த கையோடு அதைத்தான் செய்தோம். காலை ஒன்பதே காலுக்கு அவர் நெட் பேங்கிங்கில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் அனுப்பியிருந்தார். பதினொரு மணிக்கு வங்கிக்குப் போய் டெபாசிட்டை உடைக்க வேண்டும் என்பது அவர்கள் கட்டளை; பீரோவிலிருந்து எடுத்த ரசீதுகள் சாப்பாட்டு மேசையில் அடுக்கியிருந்தன. 1930-இல் கேட்டது இவை: எந்த வங்கி, கணக்கு எண், எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனைக் குறிப்பு எண். கடைசியில் உள்ளது வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியில் இருந்தது. மாமியின் கை நடுங்கியதால் நான் படித்துச் சொன்னேன்.

இந்த எண் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அவசரம் ஏன் என்று புரியும். போன பணம் ஒரே கணக்கில் இருக்காது. கமிஷனுக்கு வாடகைக்கு விடப்பட்ட கணக்குகளின் வழியாக மூன்று நான்கு கை மாறி, சில மணி நேரத்தில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ ஆகிவிடும். 1930-இல் பதிவானதும் அந்தத் தகவல் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குப் போகிறது. பணம் எந்தக் கணக்கில் இன்னும் மிச்சம் இருக்கிறதோ அங்கே முடக்குகிறார்கள். மாமிக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் அப்படி முடங்கியது. நீதிமன்ற உத்தரவு வாங்கி அது கைக்கு வரச் சில மாதங்கள் ஆயின. மீதி வரவில்லை.

1930 முடிந்ததும் உங்கள் வங்கியின் அவசர எண்ணைக் கூப்பிட்டு அட்டை, நெட் பேங்கிங், யு.பி.ஐ. மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரைப் பதியுங்கள். வாட்ஸ்அப் உரையாடலையும் அழைப்புப் பட்டியலையும் அவமானத்தில் அழித்துவிட வேண்டாம், அவைதான் சாட்சி. இனி வாசலுக்கு யாராவது வருவார்களோ என்ற பயம் இருந்தால் 100 அல்லது 112.

வங்கியின் பொறுப்பு எதுவரை என்றும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ ஏற்பட்ட ஓட்டையால் பணம் போய், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால், நஷ்டம் உங்களுடையது இல்லை; இது ரிசர்வ் வங்கி 2017-இல் போட்ட விதி. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால் புகார் சொல்லும்வரை போனது உங்கள் நஷ்டம், சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் தெரிவித்த நேரம் எழுத்தில் இருக்கட்டும். முப்பது நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

இன்னொரு எச்சரிக்கை. போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று சில வாரங்களில் வேறு குரல் வரும். ஏமாந்தவர்களின் பட்டியல் விலைக்குப் போகும் பொருள். அரசின் எந்த அலுவலகமும் பணத்தைத் திருப்பித் தரப் பணம் கேட்காது.

எட்டாம் படி: வீட்டில் இருப்பவர்களுக்கு

இதைப் படிக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் சொல்கிறேன். "எத்தனை தடவை சொன்னேன்?" என்ற அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். அதற்குப் பயந்துதான் பல பேர் முதல் ஒரு மணி நேரத்தை, சில பேர் முதல் ஒரு மாதத்தை வீணாக்குகிறார்கள். திட்டு வாங்கிய பெற்றோர் அடுத்த முறை உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்துவார்கள். போனைப் பிடுங்கி வைப்பதும் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றுவதும் தீர்வாகாது. இத்தனை வருஷம் குடும்பக் கணக்கு பார்த்தவரைக் குழந்தையாக்கிவிட்டால் அவர் இன்னும் தனிமையாவார்.

ஏமாந்த பிறகு சாப்பாடு குறையும், தூக்கம் போகும், கோயிலுக்குப் போவதுகூட நிற்கும். அப்போது கூட இருங்கள். அருகில் யாரும் இல்லாதவர்கள் 14567-ஐக் கூப்பிடலாம், மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

எங்கள் மாமி மகனிடம் இரண்டு மாதம் சொல்லவில்லை. "அவன் கஷ்டப்பட்டு அனுப்பின பணம்டி" என்பார். ஒரு ஞாயிறு காலை, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுப் போன் போட்டார். முழுவதும் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு மகன் கேட்டான்: "ராத்திரி பூரா முழிச்சிண்டு இருந்தியாம்மா? ஏம்மா என்னை எழுப்பலை?"

மறுநாள் மாமி வீட்டு நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஆசிரியையின் முத்து முத்தான எழுத்தில் 1930, அதன் கீழே என் எண், அதற்கும் கீழே வேலை செய்யும் பெண்ணின் எண்.